பழைய செரோக்கி எக்ஸ்ஜே: 31 இன்ச் டயருக்கு எந்த ஸ்பிரிங் போடலாம்?

மண்ரோடு98:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம வண்டி 98 மாடல் ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, 4.0 ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக், ஆக்சில் ரேஷியோ 3.55 (ஷாஃப்ட் 3.55 சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து). பின்னாடி கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வளைவே இல்லாம படுத்துருச்சு, நாலு பேர் ஏறினா பின்பக்கம் உக்காந்துடுது. முன்னாடி காயில் ஸ்பிரிங் இன்னும் பரவால்ல. எப்படியும் பட்டை மாத்தணும், அதோட சேர்த்து டயரையும் பெருசாக்கிடலாம்னு பாக்குறேன், இப்ப 225/75 ஆர் 15 இருக்கு, 31க்கு 10.50 (31 இன்ச் உயரம், பத்தரை இன்ச் அகலம்) போட ஆசை. ஒருத்தர் 3 இன்ச் லிஃப்ட் (பாடிய மேல தூக்குறது) போதும்ங்கிறார், இன்னொருத்தர் நாலரைக்கு கீழ போனா மட்கார்டுல இடிக்கும்ங்கிறார், மூணாவது ஆளு ஸ்பிரிங்கே மாத்த வேணாம் முன்னாடி ஸ்பேசர் (காயிலோட வைக்கிற வளையம்) பின்னாடி நீள ஷேக்கிள் (பட்டையோட பின்முனைய பாடியோட கோக்குற இணைப்பு) போட்டு விட்ருங்கிறார். பிற்பாடு முன்னாடி ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் (மாட்டுன வண்டிய கேபிள்ல இழுக்குற மோட்டார்) வரும். டெய்லி ஓட்டுற வண்டி, லீவுல மட்டும் காடு மேடு. எந்த ஸ்பிரிங் எடுக்கட்டும், கூட வேற என்னெல்லாம் செலவு வைக்கும்?

கமான்பிரியன்:
ப்ரோ முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், ஸ்பிரிங் மாத்துனா பாடிதான் மேல போகும், ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் (ஆக்சில்ல இருக்கிற கியர் குண்டு, சுருக்கமா டிஃப்) இருந்த இடத்துலயேதான் இருக்கும். அடியில கல்லு தட்டுறது குறையணும்னா அது டயராலதான் ஆகும். உங்க டயர் உயரம் 28.3 இன்ச் கிட்ட வரும், 31க்கு போனா வித்தியாசத்துல பாதி, அதாவது ஒண்ணேகால் ஒண்ணரை இன்ச்தான் டிஃப்புக்கு கீழ கூடும். லிஃப்ட்டோட வேலை அந்த டயர் ஏறி இறங்கி திரும்ப இடம் குடுக்குறது, அவ்வளவுதான். அதனால டயர முடிவு பண்ணிட்டு அதுக்கு எவ்வளவு கம்மியா தூக்கினா போதும்னு பாருங்க, எவ்வளவு உயரமா தூக்கலாம்னு பாக்காதீங்க. 31க்கு 3 இன்ச் போதும், கொஞ்சம் வெட்டு வேலை இருக்கும்.

ஸ்பிரிங்க உயரம் மட்டும் பாத்து வாங்குறவங்கதான் நிறைய. 3 இன்ச்னு விக்கிற ரெண்டு காயில் ஒண்ணுபோல இருக்காது. ஒண்ணு நீளம் கூடுதல், ஸ்பிரிங் ரேட் (ஒரு இன்ச் அமுக்க எவ்வளவு பாரம் வேணும்ங்கிறது) கம்பெனி காயில் மாதிரியே இருக்கும், இன்னொண்ணு கம்பி தடிமனா இருக்கும். கம்பி 14 மில்லில இருந்து 15 ஆனாலே மத்ததெல்லாம் அப்படியே இருந்தா 30 சதவீதத்துக்கு மேல ஸ்டிஃப் ஆயிடும், ஏன்னா தடிமனோட நாலாவது பவர்ல ஏறும். வின்ச் வரப்போகுதேன்னு இப்பவே ஹெவி ட்யூட்டி காயில் போட்டீங்கன்னா, வின்ச் வர்ற வரைக்கும் மூக்கு தூக்கிக்கிட்டு சின்ன குழிக்கெல்லாம் முதுகு எலும்பு பேசும்.

கணக்கு சிம்பிள்தான். ஒரு காயில் ஒரு இன்ச் அமுங்க 150 பவுண்டு வேணும்னு வைங்க (சும்மா உதாரணத்துக்கு), பம்பர் வின்ச் சேர்ந்து 150 பவுண்டு கூடுனா ஒரு பக்கத்துக்கு 75, அரை இன்ச் இறங்கும். பம்பர் ஆக்சிலுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிறதால நிஜத்துல அதுக்கும் கொஞ்சம் மேலயே இறங்கும். இதுக்காக இப்பவே வேற காயில் போகணுமா? மீடியம் ரேட் எடுங்க, வின்ச் வந்தப்புறம் அரை இன்ச்சோ முக்கால் இன்ச்சோ ஸ்பேசர் வச்சு லெவல் பண்ணிக்கலாம். ஸ்பேசருக்கு அதுதான் சரியான இடம், மொத்த லிஃப்டையும் அது மேல கட்டுறது இல்ல.

சேத்துவண்டி:
மேல சொன்னதோட ஒத்துப்போறேன் ஆனா "கொஞ்சம் வெட்டு வேலை"ன்னு ஈசியா சொல்லிட்டார் 😀 முன்னாடி பம்பர் ஓரத்து பிளாஸ்டிக் மூடி, மட்கார்டோட கீழ் பின்மூலை, ரெண்டும் போகும். பின்னாடி ஃப்ளேர் (சக்கர வளைவு ஓரத்து பிளாஸ்டிக்) உள்பக்கம் வெட்டி தகரத்த மடிச்சு விடணும். அதுபோக கம்பெனி வீல்லயே 10.50 அகல டயர் போட்டா ஃபுல் லாக்ல (ஸ்டியரிங்க முழுசா திருப்புனா) லோயர் கன்ட்ரோல் ஆர்ம்ல (ஆக்சில பாடியோட கோக்குற கீழ் கம்பி) உரசும். ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டுல ரெண்டு வாஷர் வச்சா உரசாது, டர்னிங் கொஞ்சம் பெருசாகும். பேக்ஸ்பேசிங் (வீல் மாட்டுற இடத்துல இருந்து உள்விளிம்பு வரைக்கும் உள்ள தூரம்) கம்மியான வீல் போட்டாலும் ஆர்ம்ல உரசாது, ஆனா டயர் வெளிய தள்ளி நின்னு பெரிய வட்டமா சுத்தும், அதே டயர் இப்ப மட்கார்டுல இடிக்கும், பேரிங்குக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் பாரம் வேற. எனக்கு வாஷர்தான் பிடிக்கும்.

வெட்டுறதுக்கு முன்னாடி கண்டிப்பா இத பண்ணுங்க: பாடிய ஸ்டாண்டுல உக்கார வச்சு ஸ்வே பார் (வண்டி சாயாம தடுக்குற கம்பி) லிங்க்க கழட்டி முன் காயில் ரெண்டையும் எடுத்துட்டு புது டயர மாட்டி, ஜாக்கில ஆக்சில பம்ப் ஸ்டாப் (ஆக்சில் அதுக்கு மேல ஏறாம தடுக்குற ரப்பர்) தொடுற வரைக்கும் ஏத்துங்க, ஒரு பக்கம் மட்டும் ஏத்தியும் பாருங்க, ஏத்தி வச்சு ஸ்டியரிங்க இந்த லாக்ல இருந்து அந்த லாக் வரைக்கும் திருப்புங்க. எங்க இடிக்குதோ அங்க சாக்பீஸ். வெட்ட மனசு வராத இடம்னா பம்ப் ஸ்டாப்ப நீளமாக்குங்க. ஷாக் அப்சார்பர் நீளமும் அப்பவே அளந்துக்கலாம், ஏத்துனப்ப ஷாக் முழுசா உள்ள போய் முட்டக்கூடாது, தொங்க விட்டப்ப பிரேக் ஹோஸ் இழுபடக்கூடாது. தரையில நிக்கிற வண்டிய பாத்து "இடம் இருக்கே"ன்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

மண்ரோடு98:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்ப பின்னாடி? பழைய கட்டுலயே எக்ஸ்ட்ரா ஒரு பட்டை சேர்த்தா முடிஞ்சிடும்ங்கிறாங்களே?

கமான்பிரியன்:
நல்லா இருக்கிற கட்டுக்கு சேர்த்தா சரி. உங்களது ஏற்கனவே களைச்சுப்போன கட்டு, அதுல குட்டையான தடிமனான பட்டை ஒண்ண சொருகுனா மொத்த பாரமும் அது ஒண்ணு மேலயே விழும், தூக்கும் ஆனா மரக்கட்டை மாதிரி குதிக்கும், பழைய பட்டைங்க இன்னும் வேகமா படுத்துரும். முழு புது கட்டு போடுங்க, மெல்லிசு பட்டை நிறைய இருக்கிற கட்டா பாருங்க. நீள ஷேக்கிள் 2 இன்ச் கூட்டுனா 1 இன்ச்தான் ஏறும், பினியன் ஆங்கிளும் (ஷாஃப்ட் மாட்டுற டிஃப் கியர் நிக்கிற சாய்வு) மாறும். பிளாக் (பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல வைக்கிற கட்டை) வச்சு தூக்குனா ஆக்சில் முறுக்கிக்கும், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கவே கூடாது.

ஒரு எச்சரிக்கை, எக்ஸ்ஜேல பட்டையோட முன் கண்ணு போல்ட் துருப்பிடிச்சு இறுகிடும், பலவந்தமா திருகுனா பாடி ரெயிலுக்குள்ள வெல்ட் பண்ணியிருக்கிற நட்டு பிச்சுக்கும், அப்புறம் ரெயில ஓட்டை போட்டுத்தான் வெளிய எடுக்கணும். நாள் கணக்குல ஆயில் அடிச்சு ஊற விடுங்க. புதுசு மாட்டும்போது கண்ணு போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் வண்டி பாரம் டயர் மேல இருக்கும்போதுதான் ஃபுல் டைட் வைக்கணும், தொங்கிட்டு இருக்கும்போது இறுக்குனா ரப்பர் புஷ் முறுக்கியே நின்னு சீக்கிரம் கிழியும்.

ஷாஃப்ட்ராஜா:
யாரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (டிஃபுக்கு சுழற்சிய கொண்டு போற தண்டு) பத்தி பேசல. 3 இன்ச்ல சில எக்ஸ்ஜே அமைதியா ஓடும், சிலது பின் ஷாஃப்ட்ல அதிரும். அதிர்ந்தா டிரான்ஸ்ஃபர் கேஸ (முன் பின் ஆக்சிலுக்கு இழுவைய பிரிக்கிற பெட்டி) கொஞ்சம் இறக்குற கிட் போடலாம், சரியான வைத்தியம் ஸ்லிப் யோக் எலிமினேட்டரும் (டிரான்ஸ்ஃபர் கேஸ்ல ஷாஃப்ட் சொருகி நிக்கிறத போல்ட் வச்சு மாட்டுற மாதிரி மாத்துற கிட்) டபுள் கார்டன் ஷாஃப்ட்டும் (ஒரு முனையில ரெட்டை ஜாயின்ட் இருக்கிறது)தான். அப்படி மாத்தினா பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் நோக்கி இருக்கணும், பழைய ஷாஃப்ட்டுனா ரெண்டும் இணையா இருக்கணும், இத குழப்பிக்கிட்டு வெட்ஜ் (சாய்வ மாத்த வைக்கிற ஆப்பு) வைக்கிறவங்க ஜாஸ்தி.

முன்னாடி ட்ராக் பார் (ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி) நீளம் மாறாது, வண்டி மட்டும் மேல போகும், அதனால ஆக்சில் பாடில பார் மாட்டியிருக்கிற பக்கமா இழுபட்டு நிக்கும். அட்ஜஸ்டபிள் பார் வாங்குங்க. காஸ்டரும் (ஸ்டியரிங் நேரா நிக்க உதவுற முன்சக்கர சாய்வு) குறையும், ஸ்டியரிங் அலைபாயும். அப்புறம் முன்பக்கம் டெத் வாபிள் (முன்சக்கரம் பயங்கரமா ஆடுறது) வந்தா ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்த தணிக்கிற ஷாக்) மாத்தி மூடி மறைக்காதீங்க, ட்ராக் பார் ஜாயின்ட், டை ராட் எண்டு, கன்ட்ரோல் ஆர்ம் புஷ் எல்லாத்தையும் ஆட்டிப் பாருங்க, பெரும்பாலும் ஏதோ ஒண்ணு லூசாத்தான் இருக்கும்.

சேத்துவண்டி:
டேம்பர் விஷயத்துல டயர் பேலன்ஸையும் சேர்த்துக்கோங்க. பெரிய டயர்ல பேலன்ஸ் கொஞ்சம் தப்புனாலே ஆட்டத்த ஆரம்பிச்சு வச்சிரும்.

மண்ரோடு98:
சரி, 3 இன்ச், மீடியம் காயில், முழு பட்டை கட்டு, ட்ராக் பார். போல்ட்டுக்கு இன்னிக்கே ஆயில் அடிக்க ஆரம்பிக்கிறேன். 3.55 ரேஷியோவ அப்படியே விடலாமா?

ஷாஃப்ட்ராஜா:
விடலாம், ஓடும், ஆனா டயர் 9.5 சதவீதம் பெருசு, அதனால 3.55 நடைமுறைல 3.24 மாதிரி ஆயிடும், ஏத்தத்துல கியர் பாக்ஸ் மேல கீழ மாறிக்கிட்டே இருக்கும். பழைய இழுவை வேணும்னா கணக்குப்படி 3.89 வரும், வழக்கமா போடுறதுல அதுக்கு கீழ 3.73, மேல 4.10, இழுவை குறையக்கூடாதுன்னா 4.10. மாத்தினா முன் ஆக்சில் பின் ஆக்சில் ரெண்டுலயும் சேர்த்தே மாத்தணும், ஒண்ணுல மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் காலி. மாத்தாத வரைக்கும் மீட்டர் 100 காட்டும்போது நீங்க 109ல போய்க்கிட்டு இருப்பீங்க, ஸ்பீடோ கியர் சின்னதுதான், அத டயர் மாட்டுற அன்னிக்கே சேர்த்து மாத்திடுங்க. பிரேக்கும் அதே அளவு கூடுதலா உழைக்கணும், பேடு, பின் ட்ரம் ஷூ ரெண்டையும் ஒரு தடவ திறந்து பாத்துட்டு டயர் ஆர்டர் போடுங்க.