புதுப்பிப்பு: 29 இன்ச் ட்ரெயில் பைக் எடுத்தாச்சு

பழைய 26 இன்ச் சக்கர மலைப்பாதை சைக்கிளை மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன். இப்போது கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓட்டுகிறேன்.

மனசைப் பறித்தது டிராப்பர் போஸ்ட்தான், அதாவது ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் தண்டு. இறக்கத்துக்கு முன்னால் கட்டைவிரலால் லீவரைத் தட்டி, உட்கார்ந்தபடியே அழுத்தினால் சீட் சர்ரென்று இறங்குகிறது. உடம்பைத் தாழ்த்திப் பின்னால் கொண்டுபோக அவ்வளவு இடம்! ஹெட் ஆங்கிள் (ஹேண்டிலுக்குக் கீழுள்ள முன்குழாய் தரையோடு சாயும் கோணம்) 65 டிகிரி. முன்சக்கரம் நன்றாக முன்தள்ளி நிற்பதால், வேரிலும் கல்லிலும் இடிக்கும்போது தலைகுப்புற விழுவோமோ என்ற பயமே போய்விட்டது. மெதுவான ஏற்றத்தில் மட்டும் ஹேண்டில் அலைபாயும்; முன்னால் சாய்ந்தால் அடங்கிவிடும்.

கியருக்கு, முன்னால் பெடலோடு ஒரே செயின்ரிங் (பல்சக்கரம்), பின்னால் 10 முதல் 51 பற்கள் வரையுள்ள கேசட் (பல்சக்கர அடுக்கு). தாராளம்.

சஸ்பென்ஷன் பற்றிக் கேட்டவர்களுக்கு: சேக் (ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தன் மொத்த நகர்வில் அமுங்கும் அளவு) 30 சதவீதம். பின்பக்கம் இன்னும் துள்ளுகிறது, அடுத்து ரீபவுண்டை (அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப எழுவதை) மெதுவாக்கிப் பார்க்கணும்.