சின்ன அறைக்கு எந்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பாட்டு கேட்பதற்கென்றே 11க்கு 10 அடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறேன். நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், தரையில் டைல்ஸ், கைதட்டினால் எதிரொலி கணீரென்று வருகிறது (கனமான திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் போடப் போகிறேன், அது தனிக்கதை). ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி வைக்க வழியில்லை.

இப்போதைக்கு மனதில் இருப்பது இரண்டு: கெஃப் க்யூ150, எலாக் டெபூ பி6.2. கெஃப்பில் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) வூஃபரின் (கனத்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) நடுவிலேயே இருப்பதால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் அதன் போர்ட் (பெட்டியில் காற்று போய்வரும் துளை) பின்பக்கம், சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் (கனத்த அடி ஒலி) ஊதிப்போகுமே என்ற பயம். எலாக்குக்கு போர்ட் முன்னால், சரி, ஆனால் 6.5 அங்குல வூஃபர் இந்த அறைக்கு அதிகமோ? அறையின் 11 அடி நீளத்துக்கு எப்படியும் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது ஆழ்ந்த பாஸில், ஒரு முழக்கம் வரும், எந்த ஸ்பீக்கரானாலும்.

நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம். மிருதங்கத்தின் தொப்பி பக்கம் கொழகொழவென்று ஆகாமல், வயலின் காதைக் குத்தாமல் இருந்தால் போதும், வீடு அதிர வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் 45 வாட்.

இதில் ஏதாவது ஒன்றைச் சின்ன அறையில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: போர்ட்டில் ஃபோம் அடைத்தால் பாஸ் அடங்குகிறதா, இல்லை ஒலியே செத்துப்போகிறதா? அப்புறம், ஸ்டாண்ட் அவசியமா, மர அலமாரியிலேயே வைத்துவிடலாமா?