‘எங்க ஊரு உடம்பு இரும்பு’: ராமநாதபுரம் கடற்கரை அனுபவங்கள்

தங்கச்சிமடத்தான்

வெளியூர்க்காரர் யாராவது நம் மாவட்டத்தைத் ‘தண்ணியில்லாக் காடு’ என்று சொல்லிவிட்டால் போதும், நமக்கு ரோஷம் வந்துவிடும். “தண்ணி இல்லேன்னா என்ன, எங்க உடம்பைப் பாருங்க. உப்புக் காத்துல உரமேறின உடம்பு. ஒரு நோய் அண்டாது” என்று ஆரம்பித்துவிடுவோம். சென்னையில் இருபது வருஷமாக நானும் இதையே சொல்லித் திரிந்தவன்தான். இதை இங்கே எழுதக் காரணம் என் அப்பாவின் வலது கால்.

அப்பா நாட்டுப்படகுக்காரர். வயது 62. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் காலையில் கடலிலிருந்து வந்தார். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கால் கழுவாமல் நேரே அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கேட்டார். அம்மாதான் முதலில் பார்த்தது. வாசல் சிமெண்ட் தரையிலிருந்து அடுப்படி வரைக்கும் பொட்டுப் பொட்டாக ரத்தம். காலைத் தூக்கிப் பார்த்தால், கட்டைவிரலுக்குக் கீழே கெளுத்தி முள் ஒடிந்து உள்ளே நிற்கிறது.

கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கெளுத்தி முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மீசை வைத்த ஆம்பளையும் அழுவான். சுடுதண்ணியில் முக்கிவைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். என் அப்பா சிரித்தார். “பாத்தியாடா, இரும்புக் காலு. கெளுத்தி முள்ளு ஏறியும் ஒண்ணும் தெரியலை” என்றார். குறடு வைத்து அவரே பிடுங்கிப் போட்டார். அந்த வாரம் முழுக்க ஏலக் கொட்டகையில் இதுதான் கதை. நானும் பெருமையாக என் அலுவலகக் குழுவில் எழுதினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம் நாள் அம்மா போனில் “வாடை அடிக்குது தம்பி” என்றார்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் ஒரு சின்னக் குச்சியில் கட்டிய நைலான் இழையை எடுத்தார். நாம் தூண்டிலில் கட்டும் தங்கூசிதான், வேறொன்றுமில்லை. அதை அழுத்தினால் 10 கிராம் எடையில் வளையுமாம். “கண்ணை மூடிக்கோங்கய்யா, தொடும்போது ஆமான்னு சொல்லுங்க” என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் உள்ளங்காலில் தொட்டார், விரல் நுனியில் தொட்டார், குதிகாலில் தொட்டார். பத்து இடம் இருக்கும். அப்பா பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே, “ஆரம்பிங்க டாக்டர்” என்றார்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வெளியே போய்விட்டேன்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் (HbA1c) 11.2 சதவீதம் இருந்தது. அது ஏழுக்குள் இருக்க வேண்டியது. எத்தனை வருஷமாக இருந்ததோ, பாதத்து நரம்பு மரத்துப்போயிருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. இரும்பு என்று நாங்கள் ஊரெல்லாம் சொன்னது நோயைத்தான். இரண்டு விரலை எடுத்தார்கள்.

உங்கள் பக்கத்தில் இப்படிப் பார்த்ததைச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு வேண்டாம், வைத்தியக் குறிப்பு வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்.

வீடுவீடாகப் போகிறவள்

அண்ணே, நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். மண்டபம் பக்கம் மீனவர் குடியிருப்புகள். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். பிபி மெஷின், சுகர் மெஷின், மாத்திரை எல்லாம் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே போவோம். உங்கள் அப்பா மாதிரி நூறு பேரைப் பார்த்துவிட்டேன்.

பொம்பளைகள் கையை நீட்டிவிடுவார்கள். ஆம்பளைகள்தான் பாடு. “ஆத்தா, கடல்ல நின்னு வலை இழுக்குறவனுக்கு சுகரா? அதெல்லாம் நாற்காலியில உக்காந்திருக்கிற மெட்ராஸ்காரனுக்கு வர்றது. எங்க அப்பாரு தொண்ணூறு வயசு வரைக்கும் பாய்மரம் கட்டினாரு” என்பார்கள். அப்பாருக்கு ரெண்டு வேளை கேப்பைக் கூழும் சுட்ட மீனும்தான் சாப்பாடு என்பதைச் சொல்ல மாட்டார்கள். இன்றைக்குப் படகில் மூணு வேளையும் வெள்ளைச் சோறு, குழம்பு, நடுவில் பாயசம் மாதிரி தேத்தண்ணி. இஞ்சின் வந்த பிறகு துடுப்பும் போடுவதில்லை. தூக்கம் கெட்டது கெட்டதுதான்.

ஒரு பெரியவர். நல்ல உயரம், நல்ல மீசை. அவர் வீட்டம்மா கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்தார். விரலில் குத்தினேன். எண் வரவில்லை, இங்கிலீஷில் ரெண்டு எழுத்து வந்தது. ஹெச்சும் ஐயும். பத்தாவது படிக்கும் பேரன் எட்டிப் பார்த்து, “தாத்தா, மெஷின் உங்களுக்கு ஹாய் சொல்லுது” என்றான். பெரியவருக்கு ஒரே குஷி. “பாத்தியா ஆத்தா, மெஷினே வணக்கம் போடுது நம்ம உடம்பைப் பாத்து!” தெருவே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளவு 600-ஐத் தாண்டினால் இனி என்னால் அளக்க முடியாது என்று அந்த மெஷின் சொல்லும் விதம் அது. 108-ஐக் கூப்பிட்டேன். வண்டி வந்து நிற்கும் வரைக்கும் என்னை நம்பவில்லை. வண்டியில் ஏறும்போதும் தானாகத்தான் ஏறினார், பிடிக்க வந்த பையனை உதறிவிட்டு. பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் “உன் மெஷின் கோளாறு” என்றுதான் சொல்வார். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்வார்.

கீழக்கரை வாசி

இரும்பு உடம்பு பெருமை எங்களுக்குக் கிடையாது. எங்களுக்குச் சாப்பாட்டுப் பெருமை. “கீழக்கரை விருந்து மாதிரி உலகத்துல எங்கயும் பாக்க முடியாது” என்பதை நாங்கள் மூச்சு விடுவதுபோலச் சொல்வோம். உண்மைதான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன வருஷம் ஒரு நிக்காஹ். சகன் சாப்பாடு. ஒரு தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தோம். நெய்ச்சோறு, கறி, தால்ச்சா, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். பிஸ்மில்லாஹ் சொல்வதற்கு முன்னால் என் எதிரில் இருந்த காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். துபாயில் முப்பது வருஷம் கடை வைத்திருந்தவர். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “நான் வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன், ஒண்ணு இருந்தா குடுங்க காக்கா” என்றார். எந்த மாத்திரை, எத்தனை மில்லி, ஒரு கேள்வி கிடையாது. பாக்கு கேட்பதுபோலக் கேட்டார், பாக்கு கொடுப்பதுபோல இவரும் கொடுத்தார். மூன்றாவது ஆள் சிரித்துக்கொண்டே, “நான் ஊசி போட்டுட்டுத்தான் வந்தேன், கவலையில்லாம சாப்பிடலாம்” என்றார். நாலாவது ஆள் நான். அப்போது எனக்கு இல்லை. இப்போது இருக்கிறது.

வட்டிலப்பம் வந்ததும் யார் பங்கும் மிச்சமாகவில்லை. கை கழுவும் இடத்தில் அந்தக் காக்கா என் தோளில் தட்டி, “மகனுக்குத் தொதல் பார்சல் அனுப்பணும், எங்க நல்லா இருக்கும்?” என்று கேட்டார். மகனுக்கு வயது 34, அவனுக்கும் சர்க்கரை என்று அதே மூச்சில் சொன்னார். தேங்காய்ப்பாலும் சீனியும் அரிசி மாவும் மணிக்கணக்காகக் கிண்டிக் கிண்டிக் கறுத்துவரும் பண்டத்தை, ஊர்ப்பாசம் என்று பெயர் வைத்து விமானத்தில் ஏற்றுகிறோம். கடையை நானும் காட்டிக்கொடுத்தேன்.

எங்கள் உம்மா மட்டும்தான் வீட்டில் இதைக் கேட்டவர். “விருந்துக்கு வந்தவங்களுக்கு வெறும் ரசம் ஊத்தி அனுப்பினா ஊர் என்ன சொல்லும், சொல்லு” என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சேலத்துக்காரர்

வெளியூர்க்காரன் பேசலாமா? சாயல்குடிப் பக்கம் ஆறு வருஷம் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். மாறுதல் உத்தரவு வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். போன பிறகு அந்த ஊர் மனிதர்களை விட்டு வரத்தான் அழுதேன், அது வேறு விஷயம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் கருப்பட்டிக் காபி. எனக்குச் சர்க்கரை நோயின் ஆரம்பம் என்று சொன்னால், “அதனாலதான் சார் இதைக் குடுக்குறோம். எங்க பனங்கருப்பட்டி சுகரை ஏத்தாது. மருந்து சார் இது” என்பார்கள். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே சரக்கு, கூடவே கொஞ்சம் தாது உப்புகள். பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவன் நான். ஆனால் வெயிலில் பனை ஏறி இறக்கிய பதநீரை அந்த அம்மா காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்துவைத்ததை என் கையில் கொடுக்கும்போது சுக்ரோஸ் என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. ஒரு நாளைக்கு நாலு டம்ளர். ஆறு மாதத்தில் ஆரம்பம் முற்றிவிட்டது.

சின்னப்பாலம் பிள்ளை

என் அக்கா பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி அடியில் போய் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுத்துவர வேண்டும். பன்னிரண்டு வயதில் தொடங்கினார், இப்போது 38. “எங்க பொம்பளைகளுக்குச் சமமா மூச்சடக்க எந்த ஊர்க்காரனாலயும் முடியாது” என்று நாங்கள் தீவு முழுக்கச் சொல்வோம்.

தலைசுற்றல் வந்தால் தண்ணிக்குள் இருந்ததால் என்பார். மூச்சு வாங்கினால் பாறை ஆழம் என்பார். ஒருநாள் வீட்டில், தண்ணிக்குடத்தைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கும்போது விழுந்துவிட்டார். ஹீமோகுளோபின் 7.4. நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு, “இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டா கடலுக்குள்ள போனே?” என்று திட்டினார். அதற்கும் அக்கா கொஞ்சம் பெருமையாகத்தான் சிரித்தார்.

உப்புக்காற்று

எல்லோரும் சேர்ந்து ஊரையே நோயாளி ஆக்கிவிட்டீர்கள். இந்தியாவிலேயே மருத்துவத்தில் முன்னால் நிற்கிற மாநிலம் தமிழ்நாடு. வடக்கே போய்ப் பாருங்கள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கிடையாது. நம் ராமநாதபுரத்துக்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டது. கலாம் பிறந்த மண். ஏழையாகப் படகோரத்தில் வளர்ந்த மனுஷன் 83 வயது வரைக்கும் மேடையில் நின்று பேசினார். என் தாத்தா 91. பெருமைப்பட நமக்கு ஆயிரம் இருக்கிறது, குறை சொல்ல மட்டும் கூடிவிடுகிறீர்கள்.

தங்கச்சிமடத்தான்

உப்புக்காற்று அண்ணே, கோபம் நியாயம்தான். நானும் அதே ஆள். உங்கள் பதிலைப் படித்ததும் கணக்கைத் தேடிப் பார்த்தேன்.

பிரசவத்தில் நம் மாநிலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். அதே கணக்கெடுப்பில், அடுத்தடுத்த பக்கங்களில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சின்னப்பாலம் தம்பியின் அக்கா அதில் ஒருவர். பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை, நாலு வருஷத்துக்கு முந்தைய கணக்கில் அது 31.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது இன்னொன்று. 2020-இல் மாநில அரசே எடுத்த கணக்கெடுப்பில் 18 முதல் 69 வயதுக்குள் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அதில் அளவு கட்டுக்குள் இருப்பது நூற்றுக்குப் பதினோரு பேருக்குத்தான். ரத்த அழுத்தத்தில் இன்னும் மோசம், ஏழு பேருக்குத்தான். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், அப்படியும் இந்த எண்.

ஏன் என்று யோசித்தேன். பிரசவம் என்றால் வலி வரும், ஆஸ்பத்திரிக்கு ஓடியே ஆக வேண்டும். என் அப்பாவுக்கு வலியே வரவில்லையே. வலிக்காத நோய்க்கு ஒரு மனுஷனை நர்ஸ் முன்னால் உட்காரவைக்க வேண்டுமென்றால், ‘எனக்கும் வரலாம்’ என்று அவன் ஒத்துக்கொள்ள வேண்டும். நாம்தான் அவனை ஒத்துக்கொள்ள விடுவதில்லை. ‘உனக்கெல்லாம் வராதுப்பா’ என்று பாராட்டியே அனுப்பிவிடுகிறோம். என் அப்பாவை அப்படி அனுப்பியதில் முதல் ஆள் நான்.

கலாம் விஷயத்தில் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அவர் மீன் கறி இல்லாமல், மது இல்லாமல், அளவாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர். மண்ணை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

வீடுவீடாகப் போகிறவள்

அண்ணே, அப்பா இப்ப எப்படி இருக்காங்க? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே.

தங்கச்சிமடத்தான்

நன்றாக இருக்கிறார் தங்கச்சி. ஊசி போட்டுக்கொள்கிறார். படகில் செருப்புப் போட்டால் கடலம்மாவுக்கு மரியாதை இல்லை என்று மூன்று மாதம் சண்டை. இப்போது எம்.சி.ஆர். செருப்பு, மரத்துப்போன காலுக்கென்று செய்யும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, பின்னால் வார் வைத்தது. படகில் ஏறும்போது பாதத்தைத் துணியால் துடைத்து, திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டுகிறார்.

போன வாரம் ஏலக் கொட்டகையில் நானும் கூட நின்றேன். வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தவர், காலைத் தூக்கி மரப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு சொல்கிறார்: “மதுரையில அளவெடுத்துச் செஞ்சது. நம்ம ஊருல வேற எவன்கிட்டயும் இந்தச் செருப்பு கிடையாது. காலையில சுகர் நூத்தி இருபத்தெட்டு. உனக்கு எவ்வளவுடா?” எதிரில் இருந்தவர் வாயைத் திறக்கவில்லை. அப்பா விடவில்லை. “பாக்கலையா? பாத்துட்டு வந்து என்கிட்ட பேசு.”