ரிபோஃப்ளேவினில் நீல ஒளி: ஈ.பி.ஆரில் வரும் அந்த நான்கு கோடு எங்கிருந்து?

ஈ.பி.ஆர் (இணையில்லா எலெக்ட்ரான்களைக் காட்டும் நிறமாலை முறை) பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) மேல் ஒளி பட்டால் உருவாகும் தனி உறுப்புகளை (free radicals), அவற்றோடு சேர்ந்து சிக்னல் தரும் டி.எம்.பி.ஓ என்ற பொறியைப் போட்டுப் பிடிக்கிறேன். 1:2:2:1 நான்கு கோடு தெளிவாக வருகிறது, பிளவு இரண்டும் 14.9 காஸ். பார்வைக்கு டி.எம்.பி.ஓவில் மாட்டிய ஹைட்ராக்சில் (OH) தனி உறுப்புதான். ஆனால் நம்பிக்கை வரவில்லை.

எக்ஸ் பேண்ட் கருவி, தட்டைக் குவார்ட்ஸ் செல். ரிபோஃப்ளேவின் 50 மைக்ரோமோலார், டி.எம்.பி.ஓ 100 மில்லிமோலார், பாஸ்பேட் பஃபர் பி.எச் 7.4, 450 நானோமீட்டர் எல்.இ.டி. இருட்டில் ஒன்றுமே இல்லை. விளக்கைப் போட்ட சில நிமிடங்களில் சிக்னல் வந்துவிடும்.

டி.எம்.பி.ஓவைக் கரித்தூளில் சுத்தம் செய்தாயிற்று. இரும்பு இருக்குமோ என்று அதைக் கட்டிவைக்கும் டி.டி.பி.ஏ சேர்த்தேன். எஸ்.ஓ.டி (சூப்பராக்சைடை நீக்கும் நொதி), கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடை நீக்கும் நொதி), ஆக்ஸிஜனை வெளியேற்ற நைட்ரஜன் குமிழி, எதற்கும் சிக்னல் அசையவில்லை. அப்புறம் 10% டி.எம்.எஸ்.ஓ. உண்மையான ஹைட்ராக்சில் என்றால் அது டி.எம்.எஸ்.ஓவைத் தாக்கி, மெத்தில் தனி உறுப்பின் ஆறு கோடு தெரிய வேண்டுமே, வரவே இல்லை!

கிளர்ந்த ரிபோஃப்ளேவினே டி.எம்.பி.ஓவை ஆக்ஸிஜனேற்றி, அதன்மேல் தண்ணீர் சேர்கிறது என்பது என் சந்தேகம். ஆக்ஸிஜன்-17 ஐசோடோப் உள்ள தண்ணீரில் செய்தால், சேர்வது தண்ணீரின் ஆக்ஸிஜன்தானா என்று தெரிந்துவிடும், ஆனால் அந்த விலை எங்கள் ஆய்வகத்துக்குக் கட்டாது.

அது இல்லாமல் இதை உறுதிப்படுத்த எந்தச் சோதனை செய்யலாம்?