பூச்சிமருந்தை தடை பண்ணா தற்கொலை குறையுமா? இலங்கைல நிஜமா என்ன நடந்துச்சு?

கடைமடைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்ல இளைஞர் மன்றம் சார்பா தற்கொலை தடுப்புக்கு ஏதாச்சும் செய்யுங்கன்னு பஞ்சாயத்துல மனு கொடுக்கலாம்னு இருக்கோம். ஆனா ஆளுக்கொரு பக்கம் இழுக்கறாங்க, ஒருத்தர் கவுன்சிலிங் கேம்ப்ங்கறார், ஒருத்தர் டாஸ்மாக்கை மூடச் சொல்லுங்கறார், இன்னொருத்தர் குழு லோன் வசூலுக்கு வர்றவங்க பண்ற அட்டகாசத்தை நிறுத்தணும்ங்கறார். இதுக்கு நடுவுல, இலங்கைல சில பூச்சிமருந்துகளை தடை பண்ணதுல தற்கொலை பாதிக்கு மேல குறைஞ்சதா படிச்சேன். எனக்கு நம்ப முடியல. கடனும் குடியும் அப்படியே இருக்கறப்ப மருந்தை மட்டும் எடுத்துட்டா வேற வழி தேட மாட்டாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வன்னிக்கமம்:
தம்பி, நான் இலங்கையில விவசாயப் போதனாசிரியரா இருந்து ரிட்டயர் ஆன ஆள். நீங்கள் படிச்சது சரிதான். 1995ல இலங்கையில ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவில தற்கொலையால செத்தவை, உலகத்திலயே மிகக் கூடின நாடுகளில ஒண்டு. நஞ்சுத்தன்மை கூடின கிருமிநாசினியளை (நீங்கள் சொல்லுற பூச்சிமருந்துகளை) 84ல தொடங்கி, 95ல, 98ல, பிறகு 2008க்கும் 2011க்கும் இடையில எண்டு கட்டம் கட்டமா நிப்பாட்டினவை. 2005ல தொகை பாதியாச்சு, பிறகு மூண்டில ஒரு பங்கு மட்டுக்கும் இறங்கிச்சு. அந்தக் காலத்தில எங்கட வாழ்க்கை நல்லா வந்திட்டுதெண்டு நினைக்காதேங்கோ, உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது, வேலையில்லை, குடியும் குறையேல்லை.

வேற வழி தேடினவையோ எண்டு கேக்கிறீங்கள். நஞ்செண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த ஆக்களின்ர தொகை குறையவேயில்லை, கூடினதுதான். வந்தவை பிழைச்சுப் போச்சினம், அதுதான் வித்தியாசம். பயிருக்கு அடிக்க மாற்று மருந்து இருந்த சாமானைத்தான் பார்த்துப் பார்த்துத் தடை செய்தவை, அதால நெல்லு விளைச்சலும் விழேல்லை. 2021ல திடீரெண்டு ரசாயன உரத்தை நிப்பாட்டி கமக்காரரை நடுத்தெருவில விட்ட கதையோட இதைப் போட்டுக் குழப்பாதேங்கோ, அது வேற கூத்து.

நைட்டூட்டி நர்ஸ்:
அய்யா சொல்றதைத்தான் நான் வார்டுல தினமும் பாக்கறேன். பொழச்சு எழுந்து உக்காந்தவங்ககிட்ட பேசினா பாதிப்பேர் மாசக்கணக்கா யோசிச்சவங்க இல்ல, வீட்ல சண்டை, கோவம், புருஷன் குடிச்சுட்டு வந்து அடிச்சது, கைக்கு எட்டுற தூரத்துல ஒண்ணு இருந்துச்சு அவ்ளோதான். அந்த ஒரு மணி நேரம் தாண்டிட்டா நிறைய பேர் தாண்டிடுவாங்க. ஒரு தடவ முயற்சி பண்ணவங்க எப்படியும் பண்ணிடுவாங்கன்னு ஊர்ல சொல்றது தப்பு, அவங்களுக்கு ஆபத்து அதிகம்தான், ஆனா பொழச்சவங்கள்ல பெரும்பாலானவங்க தற்கொலையால சாகறதில்ல.

இன்னொண்ணு, போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயந்து லேட்டா கூட்டிட்டு வர்ற குடும்பம் இன்னும் இருக்கு. 2017 மனநலச் சட்டப்படி முயற்சி பண்ணவங்களை கடும் மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாது, 2018லயே நடைமுறைக்கு வந்தாச்சு (இலங்கைல 1998லயே குற்றம்ங்கறதை எடுத்துட்டாங்க). மனு கூடவே இதை ஒரு நோட்டீஸா அடிச்சு ஒட்டுங்க, டெலிமானஸ்ங்கற மனநல உதவி நம்பர் 14416, அப்புறம் அரசு சுகாதார உதவி நம்பர் 104, ரெண்டு நம்பரையும் பெரிசா போடுங்க. இதைப் படிக்கறவங்கள்ல யாருக்காச்சும் மனசு சரியில்லன்னா இப்பவே கூப்பிடலாம், ராத்திரியும் எடுப்பாங்க.

எதிர்க்கேள்வி:
எல்லாம் சரிங்க, உயிர் மிஞ்சுது, ஆனா பொழச்சவ திரும்பி அதே குடிகாரன் வீட்டுக்கும் அதே வட்டிக்கும்தானே போறா? அரசாங்கத்துக்கு இது நல்ல சாக்கு, மருந்தை தடை பண்ணோம் கடமை முடிஞ்சுதுன்னு. குழு லோன்ல ஒருத்தி கட்டலன்னா மத்த பொம்பளைங்கள அவ வீட்டு வாசல்ல உக்கார வைக்கறான், அதை யார் கேக்கறது? சமூகக் காரணத்தையும் மாத்த முடியும்ங்கறதுக்கு நம்ம பொதுத்தேர்வே சாட்சி. முன்னாடி ஃபெயில்னா ஒரு வருஷம் போச்சு, இப்ப சில வாரத்துலயே துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் காலேஜ் சேரலாம். அது டாக்டர் குடுத்த மாத்திரை இல்ல, ஒரு அரசாணை.

வன்னிக்கமம்:
உங்கட கோவம் நியாயம். எங்கட பக்கமும் நுண்கடன் பெண்டுகளைப் போட்டு வதைச்சுது, 2018ல வரட்சி பாதிச்ச மாவட்டங்களில 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. ஆனா கடனைத் தீர்க்க வருஷங்கள் போகும், அதுவரைக்கும் அந்தப் பிள்ளை உயிரோட இருக்கவேணுமே.

தம்பிக்கு ஒரு விசயம். மருந்து வைக்க வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி குடுக்கலாம் எண்டு ஆராவது சொன்னா காசைக் கரியாக்காதேங்கோ. அனுராதபுரத்தில 180 கிராமங்களில, 50 ஆயிரத்துக்கு மேல வீடுகளில பெரிய ஆய்வா செய்து பார்த்தவை, 2017ல முடிவு வந்தது, பெட்டி குடுத்த ஊருக்கும் குடுக்காத ஊருக்கும் வித்தியாசம் இல்லை. பெட்டி வீட்டுக்குள்ள இருந்தா திறப்பும் (சாவியும்) வீட்டுக்குள்ளதான்.

நைட்டூட்டி நர்ஸ்:
ஆமா, ஆனா நம்ம கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் வேற மாதிரி செஞ்சாங்க. மருந்தை வீட்ல வைக்காம ஊருக்குப் பொதுவா ஒரு இடத்துல ஆளுக்கொரு பெட்டி, பாத்துக்க ஒரு ஆள். சின்ன ஆய்வுதான், ஆனா பலன் தெரிஞ்சுது. தடை பஞ்சாயத்தால முடியாது, மாநில அரசே 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி கொஞ்ச நாளைக்குத்தான் நிறுத்தி வைக்க முடியும், நிரந்தரம்னா டெல்லிதான். பொது லாக்கர் பஞ்சாயத்து அளவுல கேக்கலாம்.

கடைமடைக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்ப மனுல பொது லாக்கர், நோட்டீஸ், லோன் வசூல் பத்தி கலெக்டருக்கு தனியா ஒரு புகார், இப்படிப் பிரிச்சுக்கறோம். ஒரே சந்தேகம், எங்க ஊர்ல காலைல அஞ்சரைக்கே மருந்தடிக்கப் போவாங்க, அந்நேரத்துக்கு யார் வந்து திறப்பா?

நைட்டூட்டி நர்ஸ்:
அதான் முக்கியமான கேள்வியே. ஆள் சம்பளத்தையும் திறக்கற நேரத்தையும் மனுலயே எழுதிக் கேளுங்க, இல்லன்னா பத்து மணிக்கு வந்து திறப்பாங்க, ஒரே வாரத்துல எல்லா பாட்டிலும் திரும்ப வீட்டுக்கு வந்துடும்.