ஆர்கானில் சுட்டும் வெள்ளைத் தோல் வருகிறது, உதவி தேவை

பாலிசிலாக்சேன் (சிலிக்கான் சார்ந்த பாலிமர்) தட்டுகளை, காற்று படாமலிருக்க ஆர்கான் வாயுவில் 1000 டிகிரி செல்சியஸில் சுட்டு சிலிக்கான் ஆக்சிகார்பைடு என்ற பீங்கான் செய்கிறேன். இடம் பாலக்காடு, வாளையார் பக்கம். முழுக்கக் கறுப்பாக வர வேண்டியது. ஜூனில் மழை பிடித்ததிலிருந்து மேலே வெள்ளைத் தோல்; நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது, உள்ளே பழைய கறுப்பு. ராமன் நிறமாலைச் சோதனையில் (லேசர் ஒளிச் சிதறலை வைத்துப் பொருளை அறிவது) கறுப்புப் பகுதியில் 1350, 1600 அருகே கார்பன் பட்டைகள் தெளிவு, வெள்ளையில் இரண்டும் இல்லை. ஆக, கார்பன் எரிந்து சிலிக்காதான் மிஞ்சுகிறது.

சிலிண்டர் மாற்றியாயிற்று, ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் வளையம்) புதிது. வெற்றிடம் இழுத்துத்தான் ஆர்கான் நிரப்புகிறேன். சூடேற்றும் வேகத்தை நிமிடத்துக்கு 2 டிகிரியாகக் குறைத்தேன். விரிசல் நின்றது, தோல் நிற்கவில்லை. அலுமினா குழாய் உலை, வாயு நுழையும் பக்கத் தட்டில்தான் தோல் தடிமன்.

வாயுப் பாதையில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி போதுமா, இல்லை குழாய்க்குள் ஆக்சிஜனைப் பிடிக்கும் டைட்டானியம் பஞ்சும் வைத்தே ஆக வேண்டுமா?