லீஃப் கார் கிறுகக்குள்ள முன்னுக்கு ‘டொக்... டொய்ங்’ சத்தம், லோவர் ஆர்ம் மாத்தியும் போகல்ல

கல்லடிப் பொடியன்:
வணக்கம் அண்ணமார். 2013 நிசான் லீஃப் கரண்ட் கார் ஒண்டு வச்சிருக்கன், 24 கிலோவாட் ஹவர் பெட்டரி, கிட்டடியிலதான் ஒரு லட்சம் கிலோமீற்றர் தாண்டிச்சு. ரெண்டு மாசமா முன்னுக்கு இடப்பக்கம் ஒரு சத்தம். நேரா ஓடக்குள்ள ஒண்டுமில்ல, வீட்டுக் கேட்டடியில முழுசாக் கிறுக்கி ரிவேஸ் எடுக்கக்குள்ள ‘டொக்’ எண்டு ஒண்டு, சிலநேரம் ஸ்பிரிங் துள்ளுற மாதிரி ‘டொய்ங்’ எண்டு. இஞ்சின் சத்தம் இல்லாத வாகனம்தானே, பக்கத்தில இருக்கிற அம்மாவுக்கும் நல்லாக் கேக்குது, வித்துப்போட்டு வேற எடு மனே எண்டு ஒவ்வொரு நாளும் ஒரே பாட்டு. ஒரு கராஜில காட்ட ஜக் அடிச்சு ரயரை ரெண்டு ஆட்டு ஆட்டிப்போட்டு லோவர் ஆர்ம் (ரயரைக் கீழால பிடிக்கிற கை) போயிட்டு எண்டாங்க, மாத்தினன், காசுதான் போச்சு சத்தம் அப்பிடியே இருக்கு. இப்ப சிவி ஜொயின்ட் (ரயரைச் சுத்துற சாஃப்டில இருக்கிற மூட்டு) எண்டுறாங்க, இன்னொருத்தர் மோட்டர்ல பிழை எண்டு வேற பயம் காட்டுறார். மறுகா இன்னொண்டு, ஊறணிச் சந்தியில கிறுகினா ஸ்டேரிங் தானா நேருக்கு வருகுதில்ல, நான்தான் இழுத்து எடுக்கணும். அது அலைன்மென்ட் செய்தா சரிவரும்தானே?

ஏறாவூர் வாசி:
கடற்கரைப் பக்கம் தானே, துருவா இரிக்கும். டபிள்யூடி 40 வாங்கி கீழால எல்லா இடத்துக்கும் அடிங்க, எண்ட வாகனத்துக்கு நிண்டிச்சி.

காத்தான்குடி காக்கா:
அடிச்சா ஒரு கிழம நிக்கும், மறுகா கூடத்தான் கேக்கும். அது கிறீஸைக் கழுவிப்போடும் தம்பி, அங்கங்க எல்லாம் அடிக்கக் கூடா.

கல்லடித் தம்பி, ஒண்டு செய்ங்க. வாகனத்த ஓன் பண்ணி பார்க்கில போட்டு, பார்க்கிங் பிரேக் பிடிச்சி, ரயர் உருளாம ஸ்டேரிங்க மட்டும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கிறுக்குங்க. அப்பவும் ‘டொய்ங்’ வருதெண்டா சிவி ஜொயின்டையும் மோட்டரையும் மறந்திடலாம். சிவி ஜொயின்ட் போனா முழுசாக் கிறுக்கி மெதுவா ஓடக்குள்ள ரயர் சுத்துற கணக்குக்கு ‘டிக் டிக் டிக்’ எண்டு அடிக்கும், வேகம் கூடக் கூட அதுவும் கெதியா அடிக்கும். நிண்ட இடத்தில சாஃப்ட் சுத்துறதே இல்லையே, எப்பிடி அடிக்கிற? ஸ்டேரிங் மோட்டர் ‘உம்ம்’ எண்டு இழுக்கிற சத்தம் மட்டும் வந்தா அது பயமில்ல.

அக்கரைப்பற்று பாஸ்:
காக்கா சொன்னது சரி. ஆனா தம்பி, நீங்க கடைசியில கேட்டீங்களே, ஸ்டேரிங் தானா திரும்பி வருகுதில்ல எண்டு, உங்கட நோய் அதிலதான் கிடக்கு. அலைன்மென்ட் இல்ல அது.

முன் சொக்குக்கு (ஷொக் அப்சோபர்) மேல, அதை வண்டியோட பிடிக்கிற மவுண்டும் ஒரு பெயாரிங்கும் இருக்கு. ஸ்டேரிங் கிறுக்கக்குள்ள சொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து அந்தப் பெயாரிங்கிலதான் சுத்தணும். அது இறுகினா ஸ்பிரிங் சுத்தாம முறுகிக்கொண்டே போய், தாங்கேலாத கட்டத்தில ஒரேயடியா விடும், அதுதான் உங்கட ‘டொய்ங்’. அதே இறுக்கம்தான் ஸ்டேரிங்கையும் திரும்ப விடாமப் பிடிக்கிறது. லீஃப் அதே அளவு பெற்றோல் காரை விடப் பாரம், பெட்டரி மட்டும் 300 கிலோவுக்குக் கிட்ட. அதோட கடற்கரை மண்ணும் உப்புக் காத்தும், மாரி வெள்ளமும்.

பாக்கிறது லேசு. ஒருத்தர் உள்ளுக்கிருந்து மெதுவாக் கிறுக்கட்டும், நீங்க ரயருக்கு மேலால கையை விட்டு ஸ்பிரிங்க உள்ளங்கையால சும்மா தொட்டுக்கொண்டு நில்லுங்க, கம்பி வளையத்துக்கு நடுவால விரல் விடாதீங்க. நல்ல பெயாரிங் எண்டா ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு சுத்தும், போனதெண்டா கைக்குள்ள ‘டக்’ எண்டு துள்ளும். வலப்பக்கமும் பிடிச்சுப் பாருங்க, வித்தியாசம் உடனே விளங்கும். ஸ்பிரிங் ஒழுங்காச் சுத்தியும் ‘டொக்’ வந்தா டை ரொட் எண்ட், போல் ஜொயின்ட் எண்ட ஸ்டேரிங், ஆர்ம் மூட்டுகள் பக்கம் போகலாம். பம்ப் ஏறக்குள்ள மட்டும் ‘கடகட’ எண்டா அது ஸ்டெபிலைசர் லிங்க், உங்களுக்கு அது இல்ல.

பெயாரிங் மாத்திறத வீட்டில செய்யாதீங்க. ஸ்பிரிங்க கிளாம்ப் போட்டு அமத்தாம மேல் நட்டைக் கழட்டினா ஸ்பிரிங் பாய்ஞ்சு ஆளையே முடிச்சிரும். செய்யிற இடத்தில ஜக்கை பெட்டரிப் பெட்டிக்குக் கீழ வைக்க விடாதீங்க, பக்கத்து விளிம்பில அடையாளம் இருக்கு, அதிலதான் வைக்கணும்.

கல்லடிப் பொடியன்:
நேத்துப் பின்னேரம் தம்பியை உள்ளுக்கு இருத்தி கை வச்சுப் பாத்தன். இடப்பக்கம் கைக்குள்ள தவளை துள்ளின மாதிரி துள்ளிச்சு! வலப்பக்கம் ஒண்டுமில்ல. இண்டைக்கு வேற ஒரு இடத்தில கழட்டினம், பெயாரிங்க கையில எடுத்துச் சுத்தினா கரகர எண்டுது, உள்ளுக்கு கிறீஸே இல்ல, காய்ஞ்ச மிளகாய்த்தூள் மாதிரி துருதான் கொட்டுண்டது, கூட மண்ணும். ரெண்டு பக்கமும் மவுண்டோட புதுசு போட்டாச்சு. சத்தம் அறவே இல்ல, ஸ்டேரிங்கும் தானா நேருக்கு வருது. லோவர் ஆர்முக்குக் குடுத்த காசை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

அக்கரைப்பற்று பாஸ்:
நல்லம். சொக் கழட்டினதால இப்ப அலைன்மென்ட் ஒருக்கா பாருங்க. மத்தது, அந்த லோவர் ஆர்ம் போல்ட்ட எப்பிடி இறுக்கினவங்க? வாகனம் ஜக்கில தொங்கக்குள்ளயா? அப்பிடியெண்டா கீழ இறக்கினதும் ஆர்ம் மூட்டில இருக்கிற ரப்பர் புஷ் முறுகின மாதிரியே நிக்கும், கெதியாக் கிழிஞ்சிரும்.

கல்லடிப் பொடியன்:
ஓம் அண்ணே, தூக்கி வச்சுத்தான் இறுக்கினவங்க, நான் பக்கத்தில நிண்டனான்.

அக்கரைப்பற்று பாஸ்:
அப்ப அலைன்மென்டுக்கு முதல் அந்தப் போல்ட்ட இளக்கி, நாலு ரயரும் பாரத்தில நிக்கக்குள்ள திரும்ப இறுக்கச் சொல்லுங்க. கழட்டின பழைய ஆர்ம எறியாதீங்க, அது நல்லதாத்தான் இருக்கும்.